புல்லுக்குக் கீழே கரை இல்லை

எங்க தோப்பு கான்சாபுரத்துக்கு மேக்கே, ஆறு வளையிற இடத்துல இருக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "ஆறு நேராத்தான் போகுது, நீதான் கோணலாப் பாக்கே"ம்பார். அம்புட்டு வீம்பு மனுசனுக்கு.

வெயில் காலத்துல ஆறு வெறும் மணல்தான். மலையில பாறையா இருந்தது உடைஞ்சு உருண்டு, இங்க கூழாங்கல்லாக் கிடக்கும். மழை இறங்குச்சுன்னா செந்தண்ணி நேரா எங்க கரையிலதான் வந்து முட்டும். எதுத்த கரைக்காரருக்கு வருசா வருசம் மணல்மேடு கூடுது. எங்களுக்கு ஒரு வரிசைத் தென்னை போச்சு. மோட்டார் ரூம் விளிம்புக்கே வந்திட்டு. "வேர் பிடிச்ச கரைட்டி, அசையாது"ன்னார் வீட்டுக்காரர்.

போன ஐப்பசியில ஒருநாள், இங்க தூறல்தான். மேக்கே, பிளவக்கல் அணைப் பக்கம் மலையே கருத்துக் கிடந்துது. தண்ணி ஏறுதுன்னதும், மோட்டாரைக் கழட்டிட்டு வாரேன்னு போயிட்டார். திட்டிக்கிட்டே நானும் பின்னால போனேன். வளைவுக்குக் கீழ நின்னு பாத்தேன். மேல புல்லு பச்சைப்பசேல்னு இருக்கு, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல! அடிமண்ணை அம்புட்டையும் தண்ணி அரிச்சிட்டு. ஒரு சாண் மண்ணு, அதுமேல ரூமு, உள்ள என் புருசன்.

"ஏங்க, வெளிய வாங்க! கரை தொங்குது!"

"ஒரு போல்ட்டுதான் பாக்கி. செத்த நேரம் சும்மா இரு."

போய் இழுக்கலாம்னா, என் பாரமும் சேந்தா இடிஞ்சிருமேன்னு காலு நகரல. என் கண்ணு முன்னாலயே ஒரு மண்கட்டி பிளந்து தண்ணியில விழுந்துச்சு. அப்பதான் கத்தினேன்: "பிள்ளையக் காணோம்! ஆத்துப் பக்கம் வந்தாளாம்!"

ஸ்பானரைப் போட்டிட்டு ஓடி வந்தார். என் பக்கத்துல வந்து சேரவும், பின்னால மூட்டையைத் தொப்புன்னு போட்ட மாதிரி ஒரு சத்தம். ரூமும் இல்ல, புல்லும் இல்ல.

அவர் திரும்பியே பாக்கல. வெள்ளத்தையே வெறிச்சுக்கிட்டு, "பிள்ளை எங்கட்டி?"ன்னார்.

"பள்ளிக்கூடத்துலதான் இருக்கா"ன்னேன். அப்படியே சேத்துல உக்காந்து அழுதார்.

உசிரு மிஞ்சுச்சேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்குப் பயம் போகல. சொல்லக்கூடாத வார்த்தையை, பெத்தவ வாயால, அதுவும் அந்த வெள்ளத்தைப் பாத்துல்லா சொல்லிட்டேன். எங்க ஊருப் பக்கத்துல குன்றுமேல இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள்கிட்ட பிள்ளையோட போய் விழுந்து கும்பிட்டும் மனசு ஆறல. இப்பம் மேக்கே கருத்தா, பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னுருதேன்.

"ஏம்மா வந்தே? எல்லாரும் சிரிக்காங்க"ன்னு மக சிடுசிடுப்பா. அவ கையைப் பிடிச்சுக்கிடுவேன். "வலிக்குதும்மா"ம்பா. வீடு வந்து சேருற வரைக்கும் நான் விடுறதில்ல.