ரசமட்டம் வைத்த பந்தல்

தேவராஜனுக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வரும் உருப்படியை அளந்து, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு டிக். ஒரு நூல் பிசகினாலும் சிவப்புச் சீட்டு. இருபத்திரண்டு வருடமாக இதே. வீட்டிலும் அதே ஆள்தான். துணி காயும் கயிறு தொய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் அடுத்த போர்ஷன் என்பதால் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி அலமுவுக்கு, வல்லம் வடகாலில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் சமையல் வேலை. இவர் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். இருவரும் சேர்ந்து உட்காருவது ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை இல்லாவிட்டால். அதற்காகவே போன வருடம் தேவராஜன் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டார். ஏதாவது ஏரிக்கரையில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, படுத்து எழுந்து வரலாம் என்று ஆசை.

"ஒரு தபா வரேன். வெயில்ல காய வச்சீங்கன்னா வண்டிய வித்துடணும், சொல்லிட்டேன்" என்றார் அலமு.

கடையில் வேனுக்கென்று விற்கும் பந்தலின் விலையைக் கேட்டதும் தேவராஜன் தானே செய்ய உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் பாதுகாப்பு வாரம் முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் பேனரைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் ஒரு ஓரத்தை வேனின் மேல் விளிம்போடு கவ்விப் பிடிக்க இரும்புக் கிளிப்புகள். மறு ஓரத்துக்குக் கால் இரண்டும் பி.வி.சி. பைப், அவை நிற்க மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகள். அதோடு விட்டிருக்கலாம். ரசமட்டத்தை எடுத்து வந்தார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். நான்கு மூலையும் ஒரே உயரம், குமிழி நட்டநடுவில்.

"எப்டி கீது?" என்று என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

உத்திரமேரூர் பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே நடந்ததை இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள்; இரண்டும் ஒத்துப்போனது அதிசயம்.

மத்தியானம் வரை நல்ல நிழல். அலமு காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு மழை பிடித்தது. தட்டையான பேனரில் தண்ணீர் ஓட வழியில்லாமல் நடுவில் தொப்பை போட்டது. தேவராஜன் கீழிருந்து கையால் தள்ளினார். அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் இறங்கியது. கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க ஆரம்பித்தன.

"லெவல் கரெக்டாதானே கீது, எங்க தப்பாச்சு?" என்று புலம்பினார். வண்டி போச்சு என்றே நினைத்தாராம். அழுகை வந்துவிட்டது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

அலமு எழுந்து போய்ப் பந்தலின் ஒரு காலை வாளியோடு சாய்த்தார். தேங்கியதெல்லாம் அந்த மூலை வழியாகக் கொட்டித் தீர்ந்தது.

"பானைய நேரா வச்சிக்கினா கஞ்சி வடிப்பாங்க?" என்றார்.

மழை விட்டதும் எல்லாவற்றையும் சுருட்டி ஏற்றினார்கள். வரும் வழியில் தேவராஜனே கேட்டார்.

"வண்டிய வித்துடலாமா அலமு?"

"வித்துட்டா நீங்க ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. பாக்கப் பூடுவீங்க. நான் யார்கூட உக்காந்து துன்றது?"

மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தேவராஜன் பந்தல் கால்கள் இரண்டிலும் ஒரு சாண் அறுத்தார். அளவு குறைந்த அந்த இரண்டு பைப்பிலும் பச்சை மையில் டிக் போட்டிருந்ததை நானே பார்த்தேன்.