முழுங்கினால் நல்ல பால்

இன்று காலை நீங்கள் குடித்த பால் நல்ல பால்தான் என்று யார் சொல்லி நம்பினீர்கள்? உறையில் இருந்த தேதி என்பீர்கள். ஆலையில் இருக்கும் கருவி என்பீர்கள். கருவிக்கும் முன்னால் ஒரு நாக்கு சொல்லியிருக்கிறது. இது அப்படி ஒரு நாக்குக்குச் சொந்தக்காரியின் கதை.

பால் ஆலையின் பின்வாசலில், டேங்கர் லாரிகள் வந்து நிற்கும் மேடைக்கு எதிரே, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. பத்தொன்பது வருடமாக அவர் வேலை அங்கேதான். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு குவளைப் பால் வரும். காய்ச்சுவார், ஆறவைப்பார், முகர்ந்து பார்ப்பார், ஒரு வாய் குடிப்பார். புளிப்போ கசப்போ தீவன வாடையோ இல்லையென்றால் தலையசைப்பார். குழாய் மாட்டுவார்கள். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாக்கக்கா'.

ருசி பார்ப்பவர் துப்பிவிடலாம், தப்பில்லை. இந்த ஆலையில் மட்டும் முடியாது. முன்பு ஒருமுறை, கெட்ட பால் என்று திருப்பி அனுப்பிய லாரிகளை வைத்துப் பெரிய சண்டை வந்தது. "ருசி பார்க்காமலே தள்ளுறீங்க. எங்க கண்ணெதிர்ல குடிச்சுக் காட்டணும்" என்றார்கள் ஓட்டுநர்கள். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அன்று முதல், முழுங்கினால் நல்ல பால். துப்பினால் கெட்ட பால். அந்த ஒப்பந்தம் யாருடைய வயிற்றின் மேல் போடப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்தார். முட்டை, மீன், கீரை, கடலை, சீஸ், வெண்ணெய், தயிர் என்று தட்டு மாறியது. சர்க்கரை இறங்கியது, வயிறு உப்பியது. பதினோரு மணிக்கே பலூன்போல் ஊதிக்கொள்ளும். லாரி காத்துக்கொண்டிருக்கும்போது கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தது.

உணவு ஆலோசகர் விவரமாகத்தான் சொன்னார். வயது ஏற ஏறப் பலருக்குப் பால் செரிக்காதாம். "மூணு வாரம் பாலும் பால் பொருளும் கிட்டவே வரக்கூடாது. வாய்க்குள்ள போற எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க."

அன்றே சீஸ் கட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். டீ கறுப்பானது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க. வெண்ணெய் இல்லாப் பண்டம் என் தட்டுல" என்று சிரித்தபடி சாப்பிட்டார். நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதினார்.

மூன்று வாரம் கழித்து வயிறு அப்படியே இருந்தது. சர்க்கரையும் அதற்கு மேல் இறங்கவில்லை.

ஆலோசகர் நோட்டைப் புரட்டினார். "எல்லாம் எழுதினீங்களா?"

"எழுதினேன் மேடம்."

"நோட்டு ரொம்ப ஒழுங்கா இருக்கு. ரத்தம் வேற கதை சொல்லுதே. யாருக்கும் தெரியாம, ஆசைக்குக் கொஞ்சம்..."

தினமும் முப்பது லாரிக்குச் சாட்சி சொல்லும் நாக்கு. தன் ஒரு தட்டுக்குச் சொன்ன சாட்சி எடுபடவில்லை.

வீட்டிலும் அதே விசாரணை. கணவர் மின்வேலைக்காரர், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார்.

"உண்மையைச் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நெனைக்காத ஆளு எதுக்குங்க என் பையைத் துழாவினீங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள்: "பூனை கண்ணை மூடிக்கிட்டுப் பால் குடிச்சா உலகத்துக்குத் தெரியாதாம்மா?"

அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடலையாக இருக்குமோ? விட்டார். முட்டையோ? அதையும் விட்டார். தேங்காயும் போனது. கடைசியில் தட்டில் மிஞ்சியவை மீனும் கீரையும் வெள்ளரிக்காயும். ஆறு கிலோ குறைந்தார். வயிறு மட்டும் ஊதியபடியே இருந்தது. ஒவ்வொரு கதவாகத் தானே சாத்திக்கொண்டு வந்து, கடைசி அறையில் நின்றார்.

ஒரு காலையில் ஓர் ஓட்டுநர் ஜன்னலில் கையூன்றிக் கேட்டார்: "என்னக்கா, துரும்பா இளைச்சுட்டீங்க? எங்க எல்லார் வண்டிப் பாலையும் குடிச்சும் உடம்புல ஒட்டலையா?"

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையில் இருந்த குவளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

இது இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது என்று கேட்காதீர்கள். கொத்தனார் மூச்சோடு உள்ளே போகும் சிமென்ட்டை உணவுக் கணக்கில் எழுதுகிறாரா? நாக்கக்காவுக்கும் குவளைப் பால் வேலை, சாப்பாடு வீட்டில். ஆலோசகரின் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஆலைத் தொழிலாளி' என்று நிரப்பியிருந்தார். என்ன ஆலை, என்ன வேலை என்று கேட்க, அதைப் படித்த ஆலோசகருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. பொய் சொல்கிறாள் என்று நினைப்பது அதைவிடச் சுலபம்.

இடைவேளையில் தண்ணீரை வாயில் எடுத்து, அளவுச் சாடியில் துப்பி அளந்து பார்த்தார். ஒரு வாய்க்குப் பதினைந்து மில்லி. அன்றைக்கு வந்தவை இருபத்தொன்பது லாரி. ஏறக்குறைய இரண்டு டம்ளர் பால், அதிலேயே இருக்கும் இருபது கிராம் சர்க்கரையோடு. வீட்டில் ஒரு பிடிச் சோற்றை ஒதுக்கிவிட்டு வந்து, இங்கே அதைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு வாளி வைத்து, முதல் வாயைத் துப்பினார்.

"அக்கா! என்ன துப்பிட்டீங்க? காலையில கறந்த பால்க்கா!"

"பால் நல்லா இருக்குப்பா. என் வயிறுதான் கெட்டுக் கெடக்கு."

"நாளைக்கு நல்ல பாலையே துப்பிட்டுக் கெட்டதுன்னு சொன்னா நான் என்ன பண்றது? பேச்சு பேச்சா இருக்கட்டும். முழுங்குங்க."

பின்னால் ஆறு லாரிகள் ஒலியெழுப்பின. மேலாளர் வந்தார்.

"ஒரு வாய்தானேம்மா? மருந்துன்னு நெனைச்சுக்குங்க."

"முப்பது வாய் சார்."

"முடியலைன்னா பாக்கெட் கட்டுற இடத்துக்குப் போங்க."

அங்கே பாதிச் சம்பளம். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு. முழுங்கினார்.

வீட்டில் அளவுக் கணக்கைச் சொன்னபோது மகள் தலையைத் தூக்கவில்லை. கணவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். இரண்டு நாளில் ஒரு பலகை செய்து கொடுத்தார்: பச்சை விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, ஒரு விசை. தீர்ப்பைத் தொண்டை சொல்ல வேண்டாம், விளக்கு சொல்லட்டும். பையைத் துழாவிய கைகள் கேட்ட மன்னிப்பு அது.

"மேலிடத்துல கேக்கணும்" என்று வாங்கி வைத்தார் மேலாளர். நாலு மாதமாகிறது. பலகை அவர் அலமாரியின் மேல், சுற்றிய காகிதம் பிரிக்காமல் கிடக்கிறது.

இடையில் நாக்கக்கா பாலைக் கன்னத்தில் அடக்கி, பேனா எடுப்பதுபோல் குனிந்து துப்பிப் பார்த்தார். மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டார். "அக்கா, தொண்டை ஏறி இறங்கலையே?" இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் குவளையைப் பார்ப்பதில்லை. அவர் கழுத்தையே பார்க்கிறார்கள்.

நாளைக்கும் முப்பது லாரி வரும். உங்கள் வீட்டுப் பால் எந்த ஆலையினுடையது என்று எனக்குத் தெரியாது. உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தொலைபேசி எண் இருக்கும். இன்றே கூப்பிட்டு இதை மட்டும் கேளுங்கள்: "உங்க ஆலையில பாலை ருசி பார்க்கிறவங்க துப்பலாமா?" பதில் வரும்வரை வைத்துவிடாதீர்கள்.