போலீஸ் முத்திரைக்கு மஞ்சள் வைத்த மாமியார்

போலீஸ் முத்திரைமேல் மஞ்சள் பூசியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். போன மாதம், விசா சென்டர் கவுன்ட்டரில், பட்டப்பகலில்!

என் மனைவி லின், வியட்நாம்காரி. ஒரு வருஷ ப்ராஜெக்ட்டுக்காக லேப்டாப் பையோடு ஹனோய் போனவன், மாப்பிள்ளையாகத் திரும்பினேன். இப்போது சென்னை சேலையூரில் குடித்தனம், அம்மாவோடு. லின்னுக்கு ஒரே அக்கா, ப்ராக் நகரத்தில் இருக்கிறார். நாலு வருஷமாக இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த அக்காவுக்குத்தான் கல்யாணம். எனக்குப் புது வேலை, லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே லின் மட்டும் தனியாக.

தனியாக... அங்கேதான் சிக்கல். வியட்நாம் பாஸ்போர்ட், இந்தியாவில் வாசம், புருஷன் இல்லாமல் ஐரோப்பா! விசா ஃபார்ம் எத்தனை பக்கம் இருந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான் — அம்மணி, திரும்பி வருவீர்களா? அதற்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ காகிதம் சேர்த்தோம். மேரேஜ் சர்டிஃபிகேட், இங்கே தங்குவதற்கான பர்மிட், இன்ஷூரன்ஸ், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் மேலே, அக்கா கூரியரில் அனுப்பிய அழைப்புக் கடிதம். அந்த ஊர் போலீஸ் முத்திரை குத்திய ஒரிஜினல். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போலீஸ் முத்திரை! எனக்கு ஒரே சிரிப்பு.

கவுன்ட்டரில் அந்தச் சிரிப்பு நின்றது.

"சார், இது என்ன கறை?" என்றார் அங்கிருந்த பெண்.

கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். கீழ் மூலையில் இருந்த முத்திரை பாதி முழுகியிருந்தது. யார் வேலை என்று விசாரிக்கவே தேவையில்லை. இருந்தாலும் போன் போட்டேன்.

"அம்மா, லின்னோட ஃபைல்ல கை வச்சியா?"

"ஆமாண்டா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா... காலைல சாமிகிட்ட வச்சி எடுத்தேன்."

"மஞ்சள் தடவுனியா?"

"தடவாம? கல்யாணப் பத்திரிகைய மூலைல மஞ்சள் வைக்காம யாராவது குடுப்பாங்களா? பாவம், அவங்களுக்குத் தெரியல, வெறுங்காகிதமா அனுப்பிட்டாங்க. நல்லா இருக்கால்ல?"

நல்லா இருக்காவா! நான் தலையில் கை வைத்தேன். லின் என்ன செய்தாள் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தாள். கவுன்ட்டர் பெண்ணும் சேர்ந்துகொண்டார். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

"எங்க வீட்லயும் வைப்பாங்க சார், எனக்குப் புரியுது. ஆனா முடிவு பண்றது நான் இல்லையே. முத்திரை சரியா தெரியலைன்னு நோட் போட்டுத்தான் அனுப்ப முடியும். வேற ஒரிஜினல் வரவழைக்கிறீங்களா?"

வேறொன்று வருவதற்குள் கல்யாணம் முடிந்து, ஹனிமூனும் முடிந்துவிடும். லின்னின் சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து அந்தப் பெண்ணே ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரு விளக்கம் எழுதி வைங்க மேடம். பாப்பாங்க."

பேனாவை நான் பிடுங்கினேன். தமிழர் பண்பாட்டில் மஞ்சளின் இடம், அதன் மங்கலம், மருத்துவ குணம்... ஆங்கிலத்தில் அரைப் பக்கம் போய்விட்டேன். லின் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டாள். இன்னொரு தாள் கேட்டு மூன்றே வரி எழுதினாள். இந்த மஞ்சள் என் மாமியார் வைத்தது. கல்யாண அழைப்புக்கு இங்கே இப்படித்தான் மரியாதை செய்வார்கள். என் அக்காவை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அவ்வளவுதான். கையெழுத்து!

பத்து நாள் கழித்து தூதரகத்திலிருந்து லின்னுக்குப் போன் வந்தது. காலை டிஃபன் நேரம். ஸ்பீக்கரில் போட்டாள். எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்று நாலைந்து கேள்விகள். பிறகு அந்தக் கேள்வி — அக்கா அங்கே இருக்கும்போது நீங்கள் ஏன் சென்னைக்குத் திரும்ப வேண்டும்?

லின் திணறினாள். நான் காற்றில் கையை ஆட்டி என்னையே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து ஒரு குரல்.

"லின்னு! தோசை ஆறிப்போவுது பாரு! யாரா இருந்தாலும் அப்புறம் பேசச் சொல்லு!"

யாரது என்று அதிகாரி கேட்டார். "மஞ்சள் வைத்தவர்," என்றாள் லின். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு... லைன் கட்.

ஒன்றரைக் கிலோ காகிதத்தால் சொல்ல முடியாததை ஒரு தோசை சொல்லிவிட்டதா? எனக்குத் தெரியாது. விசா கொடுப்பவர்கள் காரணம் சொல்வதில்லை.

ஆனால் கொடுத்துவிட்டார்கள்! போன வாரம் பாஸ்போர்ட் வந்தது. நான் ஹாலில் குதித்தேன். லின் ப்ராக்குக்கு வீடியோ கால் போட்டாள். அக்காவும் தங்கையும் வியட்நாம் மொழியில் கத்திய கத்தலுக்குக் கீழ்வீட்டு அங்கிள் மாடியேறி வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார். அம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாள்டா குடுத்திருக்கான்?"

"பதினஞ்சு நாள்மா."

"பதினஞ்சா! கல்யாணம் ஒரு நாள்தானே? பத்து நாள் போதும், வந்துடச் சொல்லு."

ஐரோப்பா சம்மதித்துவிட்டது. சேலையூர் தூதரகத்தில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.