அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் காலி இடம்

மகளின் லேப்டாப் நேற்று நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கறுப்புத் திரையைத் திறந்து, மெமரியில் எவ்வளவு காலி என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். எண்கள் வந்து விழுந்ததும் மூக்கில் மூலிகை எண்ணெய் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். தென்காசியில் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்த தைரியம். பில் போடுவதற்காக வாங்கிய பெட்டியை எண்ணெய் தேய்த்துவிடும் அறைக்கு அடுத்த அறையில் வைத்திருந்தார்கள்; கீபோர்டுகூட வழவழக்கும். முதலாளி அண்ணாச்சி தினமும் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நிற்பார்.

"எவ்வளவுலே காலி?"

கட்டளையைத் தட்டிப் பார்த்து, முக்கால்வாசி மெமரி காலி என்று முதல்நாள் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"சாரல் இந்தப் போடு போடுது. சீசன்ல முக்கால்வாசி காலியா? அடுத்த லாட்ஜ்காரன் கேட்டா சிரிப்பாம்லா."

"இது காலியா இருந்தாத்தான் நல்லது அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லுதவனுக்கு லாட்ஜ்ல என்னலே சோலி?"

வேலை போய்விடும் போலிருந்தது. கடிகாரம், காலண்டர், கால்குலேட்டர் என்று மெமரியில் போய்ச் சப்பணமிட்டு உட்காரும் புரோகிராம்களையெல்லாம் ஏற்றினேன். கடைசியில் பில் போடும் புரோகிராமுக்கே இடமில்லை. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். பில்லைக் கையால் எழுதச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தார்.

பிறகு ஒரு வருடம் சாரலே விழவில்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. அண்ணாச்சி மட்டும் தவறாமல் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.

"கொஞ்சந்தான் காலி அண்ணாச்சி."

"இங்கனயாவது நெறஞ்சிருக்கே" என்பார்.

லாட்ஜை விற்றுவிட்டார். சாவி கொடுக்கும் நாளன்று கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரேயடியா வெரட்டாதலே. நம்மகிட்ட தங்கினவங்கல்லா. ஒவ்வொருத்தரா அனுப்பு."

ஒவ்வொரு புரோகிராமாக நீக்கி, ஒவ்வொரு முறையும் கட்டளையைத் தட்டி, எவ்வளவு காலி என்று வாசித்தேன். கடிகாரம் போனது. காலண்டர் போனது. அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் எழுந்து, வாசலைப் பார்த்துக் கும்பிட்டு, "அடுத்த சீசனுக்கு வந்திருங்க" என்றார்.

லாட்ஜை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். சீசன் நேரத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லையாம். அதைக் கேட்கத்தான் அண்ணாச்சி இல்லை.