பெண் தொட்ட ஏர்

என்னோடு படித்த ஒரு பெண்ணைப் பற்றிப் பதினேழு வயதில் நான் சொன்ன பொய்யால் அவளுடைய படிப்பு நின்றுபோனது. யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் ஆம்பிளைகளுக்கு நடுவே உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

அதை நினைக்கும்போதெல்லாம் முதலில் மூக்கில் ஏறுவது சேற்று வாடைதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருந்த எங்கள் மேல்நிலைப் பள்ளியின் பின்சுவரை ஒட்டி நஞ்சை வயல்கள் கிடந்தன. தண்ணீர் கட்டி மிதித்துவிட்ட தழை அழுகும் நாற்றம் ஆகஸ்டு மாதம் முழுக்க வகுப்பறைக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும். அந்த நாற்றத்தில்தான் மரகதம் டீச்சர் எங்களுக்கு ஆட்டம் பழக்கினார்.

மரகதம் டீச்சர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த சமூக அறிவியல் ஆசிரியை. அவருக்கு ஆடத் தெரியாது. தாளம் போட்டால் அதுவும் ஒரு அடி தள்ளித்தான் விழும். பிடிவாதம் மட்டும் ஏராளம். சுதந்திர தின விழாவுக்கு வழக்கமான கொடிப் பாட்டும் கோலாட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் ஏழெட்டுப் பேரை நிறுத்தி, பையன்கள் பெண்கள் செய்யும் வேலையை ஆட வேண்டும், பெண்கள் ஆண்கள் செய்யும் வேலையை ஆட வேண்டும் என்றார். வயலுக்குப் போய்ப் பார்த்து உடம்பில் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒரே ஒரு விதி வைத்தார்: வேஷம் கிடையாது. "சேலை கட்டிக்கிட்டா நீ வேற ஆளாயிடுவே. பேண்ட்டோட குனி. அப்பதான் வலிக்கிறது உன் இடுப்பா இருக்கும்" என்றார்.

எனக்கு நாற்று நடவு. எங்கள் பக்கம் உழுவதும் நாற்றுமுடி சுமப்பதும் ஆணின் வேலை. நடுவது பெண்ணின் வேலை. எத்தனையோ வருடம் வரப்பில் நின்று பார்த்திருந்தும், நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுகிறார்கள் என்பதும், ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கெடும் என்பதால் இடுப்பு ஒடிந்தாலும் நிமிர மாட்டார்கள் என்பதும் அந்த வாரம்தான் என் கண்ணில் பட்டன. ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு நாள் முதுகைச் சுவரில் வைத்துத் தேய்த்தேன். நடவுக் காலத்தில் அம்மா தினமும் அப்படித்தான் தேய்த்துக்கொள்வார். மாடு உரசுவது போல இருக்கிறது என்று நான் கேலி செய்ததுண்டு. எத்தனை சாமர்த்தியமான பிள்ளை!

ஏர் ஓட்டும் ஆட்டம் பொன்னாயிக்கு வந்தது. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அவள் ஊரில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். பன்னிரண்டை முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போய், மலையிலேயே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். வாய் நீளம். ஒத்திகையில் நான் கை நிறைய நாற்றை வைத்துக்கொண்டு நிற்பது போல் பாவனை செய்தால், "பூங்கொத்து குடுக்கவா வந்த? நடுடா" என்பாள். மூங்கில் குச்சியை ஏராக வைத்து அவள் ஓட்டியபோது, "உன் மாடு ரெண்டும் எங்க, மேயப் போயிடுச்சா?" என்று நான் கேட்க, "ஒண்ணு இதோ நாத்து நட்டுக்கினு இருக்குதே" என்று என்னைக் காட்டினாள். எங்கள் பேச்சைத் தனக்குப் பழக்கிக்கொண்டு அதை வைத்தே எங்களைக் குத்துவாள்.

குச்சி நன்றாக இல்லை என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டு ஏரைத் தருகிறேன் என்று சொன்னவனும் நான்தான். ஏரைப் பெண் தொடக்கூடாது, தொட்டால் மழை பொய்க்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அது மூடத்தனம் என்று பாடப் புத்தகம் சொல்லியிருந்ததால், புத்திசாலியைப் போல ஒருவரும் பார்க்காத நேரத்தில் ஏரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். "உங்க வூட்ல திட்ட மாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கீழே சொல்கிறேன். 

விழா அன்று பையன்கள் வாசல் பெருக்கிக் கோலம் போட்டபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் குனிந்து பின்னால் நகர்ந்தபோது விசில் பறந்தது. பொன்னாயி ஏரின் கைப்பிடியான மேழியை அழுத்திப் பிடித்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, உழுதபடி மேடையைச் சுற்றி வந்தாள். சிரிப்பு நின்றது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கூலி வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் கைதட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத் தெருக்கூத்தில் ராணி வேஷம் என்றால் அவர்தான். கொண்டை வைத்து, மார்புக் கச்சை கட்டி, விடிய விடிய ஒயிலாக நடப்பார். ஊரே கற்பூரம் காட்டிக் காலில் விழும். அப்படிப்பட்டவருக்கு அண்ணன் மகன் பேண்ட்டோடு நாற்று நட்டது மானக்கேடாகிவிட்டது. "வேஷம் கட்டி ஆடுனா சாமிடா. வேஷமே இல்லாம பொம்பள வேல செஞ்சா அது இன்னா?" என்று கேட்டார். இன்றுவரை இதைவிடப் பரிசுத்தமான மடத்தனத்தை நான் கேட்டதில்லை. அன்று அது எனக்குப் பெரிய தத்துவமாகத் தெரிந்தது.

மழை தள்ளிப்போனது. அது ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போகிற மழைதான். ஆனால் அந்த வருடம் அதற்கு ஒரு பெண்ணின் கை காரணமாகக் கிடைத்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கல்லூரியிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி இடம் கேட்டார்கள். கேட்டது நியாயம்; அதன் பலனில் படித்து, பேராசிரியராகிச் சம்பளம் வாங்கியவன் நான், அதை இகழ எனக்கு வாயில்லை. நான் இகழ்வது எங்கள் தெரு முனை டீக்கடையில் கூடிய வீரர்களை, அவர்களில் ஒருவனாக ஆசைப்பட்ட என்னை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிப் போட்டு மறிப்பது என்று முடிவானது. யார் யார் கோடாலி எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நானும் போனேன்.

"வாம்மா, உக்காரு. நாத்து முடிஞ்சுதா, களை எடுக்கணுமா?" என்றான் ஒருவன்.

"டேய், அவனுக்குக் கோடாலி எதுக்குடா? ஒரு வெளக்கமாறு குடுங்க" என்றான் இன்னொருவன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "நம்ம ஏரை அந்த மலைப் பொண்ணுகிட்ட யாருடா குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்" என்ற ஒரு சொல் போதும். இரண்டு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது: "நான் குடுக்கல சித்தப்பா. அவ என் பின்னாலயே சுத்திக்கினு இருந்தா. கல்யாணம் கட்டிக்கோன்னு கேட்டுக்கினே இருந்தா. நான் மாட்டேன்னதும் வூட்டுக்கு வந்து அவளே தூக்கிக்கினு பூட்டா."

பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். முதுகில் தட்டினார்கள். பெண்ணாகிப் போயிருந்தவன் ஒரு பெண் துரத்துகிற ஆணாக மாறிய மகிமையில் டீ வந்தது, பிறகு கோடாலியும் வந்தது.

சித்தப்பா பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தார். மறுநாளே பேச்சு தலைமையாசிரியரின் அறைக்குப் போனது. அவர் பொன்னாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைக்கு ஆள் அனுப்பி, மகளைக் கூட்டிக்கொண்டு போகும்படி அவள் அப்பாவை வரச் சொன்னார். மரகதம் டீச்சர் மட்டும் என்னை மரத்தடியில் நிறுத்தி, "உண்மையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அடுத்த மாதமே அவரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அவளுடைய அப்பா வந்தபோது மறியல் நடந்துகொண்டிருந்தது. பஸ் இல்லை. மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தவர், மகளை அழைத்துக்கொண்டு நடந்தே திரும்பினார். நாங்கள் சாய்த்துப் போட்ட மரத்துக்குக் காவலாக நான் நின்றிருந்தேன். தகரப் பெட்டியைத் தலையில் வைத்திருந்த அந்த மனிதர் கிளைகளுக்குள் கால் விட்டு ஏறினார். அவள் பின்னால் ஏறினாள். பசங்கள் ஊளையிட்டார்கள். நானும் சேர்ந்து ஊளையிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அவள் பார்க்கவில்லை. மரத்தில் பாவாடை மாட்டிக்கொள்ளாமல் தாண்டுவதில்தான் அவள் கவனம் இருந்தது. படிப்புக்கு இடம் கேட்டு வெட்டிய மரம் அது.

பணி ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு மனசாட்சி வந்தது. அதற்கு முன்பு அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. விசாரித்துக்கொண்டு மலைக்குப் போனேன். களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நரைத்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைக்காமலே நான் சொல்வதைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கப்பன் சாவுற வரைக்கும் நம்பினாரு" என்றாள். "எம்மேல தப்பு இல்லன்னு நான் சொன்னத அவரு நம்பல. ஒம் பேச்சத்தான் நம்பினாரு. அவருகிட்ட வந்து சொல்லியிருக்கணும் நீ."

அந்த ஊரிலேயே எல்லோரையும் கூட்டிச் சொல்கிறேன் என்றேன். "வேணாம். இங்க எல்லாரும் மறந்தாச்சு. எம் மருமவளுங்களுக்குத் தெரியாது. எங்கயும் யாருகிட்டயும் சொல்லாத. போய்ட்டு வா" என்றாள்.

இறங்கி வந்தேன். பள்ளிக்குப் பின்னால் இருந்த வயல்களில் பாதி இன்று வீட்டு மனை. மீதியில் நடவுக்கு உள்ளூர்ப் பெண்கள் வருவதில்லை. வடக்கிலிருந்து வந்த ஆண்கள் வரிசையாகக் குனிந்து, பேண்ட்டை மடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுகிறார்கள். ஊர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறது. மர ஏர் எந்த வீட்டிலும் இல்லை, தொடுவதற்கும் தொடாமலிருப்பதற்கும். இவ்வளவு சுலபமாக ஒழிந்துபோகிற ஒன்றுக்காகவா என்று அங்கே நின்று யோசித்தேன்.

யோசித்ததோடு விட்டிருக்கலாம். பழைய மாணவர்கள் கூடிய விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. மேடையில் நின்று, அவள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நான் சொன்னது பொய் என்றேன். கைதட்டினார்கள். அன்று விளக்கமாறு கொடுக்கச் சொன்னவன், இப்போது தாத்தா, எழுந்து வந்து கட்டிப்பிடித்து, "டேய், கடைசி வரைக்கும் மனசுல வெச்சிக்கினு இருந்தியாடா அந்தப் பொண்ண?" என்றான். மறுபடி கைதட்டல். யாரோ அதை செல்போனில் எடுத்து, நிறைவேறாத காதல் என்று தலைப்பிட்டு, பின்னணியில் ஒரு பாட்டும் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள்.

மூன்றாம் நாள் பொன்னாயியின் மகன் போன் செய்தார். சத்தம் போடவில்லை.

"எங்கம்மா வீட்ட விட்டு வெளிய வர மாட்டேங்கறாங்க. நீங்க இங்க வந்தப்ப அம்மா உங்ககிட்ட என்னா சொன்னாங்க?"

"யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏன் சார் சொன்னீங்க?"

முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய வாய். "நெஞ்சு கனமா இருந்துச்சு" என்றது. அவர் போனை வைத்துவிட்டார்.