கூப்பிட்டால் வராதே

என் மகளுக்கு விளையாடத் தெரியாது. ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கு விளையாட்டையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்றார் விழுப்புரத்துப் பயிற்சி டீச்சர். பேச்சே வரக் காணோம், இதில் விளையாட்டு ஒரு கேடா என்று முணுமுணுத்தேன். ஆனாலும் கண்ணாமூச்சியைப் பிடித்துக்கொண்டேன். அவளைக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவேன். "எங்க இருக்கே?" என்று கூப்பிட்டால் மூச்சுவிடக் கூடாது. "ஐஸ்பாய்!" என்றால்தான் வெளியே வரலாம். மாதக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றியபின் ஒருவழியாக அது வந்தது. ஆனால் ஒளிவது எப்போதும் அவள்தான், தேடுவது நான்தான். முறை மாற்றி அவளைத் தேடவைக்க என்னால் முடியவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை செஞ்சி பஸ் ஸ்டாண்டில், வாழைப்பழம் வாங்க அவள் கையை விட்டேன். திரும்பினால் ஆளில்லை.

சந்தை நாள். ஆட்டை இழுத்துக்கொண்டு போகிற ஜனம் ஒருபக்கம், ரிவர்ஸ் எடுக்கிற பஸ் ஒருபக்கம். "எங்கடி இருக்கே? ஐயோ, எங்க இருக்கே?" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிற அக்கா எழுந்து வந்தார். "இன்னாம்மா, கொயந்தய காணுமா? நல்லா கூப்டு, வந்துடும்."

"கூப்ட்டா வராதுக்கா, அது..."

கூப்பிட்டால் வராதே என்று பழக்கியதே நான்தானே!

"ஐஸ்பாய்!" என்று கத்தினேன். பைத்தியமோ என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். "ஐஸ்பாய்! ஐஸ்பாய்!"

அந்த அக்காவின் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்தே வந்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தாள்.

முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கிவிட்டேன். அதற்குள் அவள் பக்கத்துத் தூணில் நெற்றியைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. இப்போது நான் ஒளிய வேண்டும்.

"பஸ்ஸு எட்த்துட்டான், இட்டுக்னு போம்மா" என்றார் அக்கா.

எங்கே போவேன்? இத்தனை நாள் இதற்காகத்தானே தவம் கிடந்தேன். ஆனால் அவளை விட்டு ஓரடி நகரக் கால் வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலேயே குந்தி, ஒரு கையால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். அழுகைச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.