சோடா ஊற்றிய கை

ஆரணியில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றை இருபது வருடங்களுக்கு மேல் நடத்தினேன். அதற்கு முன் வேலூரில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். படிப்பைப் பற்றி முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அறியாமல் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை தரக் கூடாது.

1. கூண்டு வந்த நாள்

எழுபதுகளின் பிற்பகுதி. ஒரு காலை எஸ்தர் சிஸ்டர் தன் பிக்கப் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினார். அவர் நர்ஸ். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. வண்டியின் முதுகில் ஓர் அலுமினியக் கூண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கட்டில், மடக்கு மேசை, சின்ன ஜன்னல்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. முன்பகுதி டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இதை கேம்பர் என்பார்கள். நாலு மூலையிலும் ஜாக்கி உண்டு. அவற்றைச் சுற்றினால் கூண்டு தன் காலில் நிற்கும்; வண்டியை அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

நிலத்தடி நீர் தேடி வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அதில்தான் குடியிருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் படுத்தபோது பார்த்துக்கொண்டவர் சிஸ்டர். தன் நாட்டுக்குத் திரும்பும்போது வண்டியையும் கூண்டையும் சிஸ்டர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கூண்டுக்கு அப்போதே இருபது வயது இருக்கும். தகடு மங்கி, தரை மரம் மக்கியிருந்தது.

பட்டறையின் ரிவிட் வேலைக்காரன் கன்னியப்பன் அதைச் சுற்றி வந்தான். வெம்பாக்கம் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. அப்போது முப்பது வயது.

"இன்னா சிஸ்டரம்மா, டிபன் கேரியருக்கு வண்டி வாங்கினீங்களா, வண்டிக்கு டிபன் கேரியர் வாங்கினீங்களா?"

"சிரிக்காதடா. இதுல மருந்து வெச்சிகினு படவேடு பக்கம் போவப் போறேன். அங்க பஸ்ஸு வர்றதே அதிசயம். புள்ளத்தாச்சிங்க நடந்து வந்து பாதி வழியில பெத்துக்கறாங்க."

பிறகு என்னிடம் திரும்பினார். "மழைக்கு ஒழுவக் கூடாதுங்க. மக்கின மரத்த மாத்துங்க. ஜாக்கி நாலும் நல்லா நிக்கணும். அவ்ளோதான். பளபளப்பெல்லாம் எனக்கு வாணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2. வெளுப்பு

மூன்று வாரம் கன்னியப்பன் அதோடு கிடந்தான். தகடுகளைக் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டான். மக்கிய சட்டங்களுக்குப் பதில் தேக்கு வைத்தோம். அளவான அலுமினிய ரிவிட் கிடைக்காதபோது நான் இரும்பு ரிவிட்டை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டான்.

"ரெண்டும் ஒத்துப் போவாது சார். இரும்பு இருக்கற எடத்துல அலுமினியம் மாவாக் கொட்டும்."

மின்வேதி அரிப்பு என்று நான் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியது. அவனோ மூன்றாம் வகுப்போடு நின்றவன். வேலூருக்குப் போய் அலுமினிய ரிவிட்டே வாங்கி வந்தேன்.

கூண்டு முழுமையாகி நின்றது. ஒழுகவில்லை. ஜாக்கிகள் நின்றன. வேலை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், நானும் பார்த்தேன், எனக்கு அந்த மங்கல் பிடிக்கவில்லை.

ஆரணிக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை எனக்கு வந்தது. எங்கள் ஊர் நெசவுக்குக் கச்சாப் பட்டு விறைப்பாக, பழுப்பாக வரும். சோடாவும் சோப்பும் போட்டு அவித்தால் பசை கழன்று பால் மாதிரி வெளுத்து மின்னும். மங்கியது எதுவும் சோடாவில் வெளுக்கும் என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும் நம்பிக்கை. என் மச்சான் சாயப்பட்டறை வைத்திருந்தார். பருத்தி நூலுக்காக அங்கே காஸ்டிக் சோடா இருந்தது. ஒரு டின் வாங்கி வந்தேன்.

தண்ணீரில் கரைத்துப் பின்பக்கத்தில் ஓரிடத்தில் நானே தேய்த்தேன். நுரைத்தது. கழுவியதும் கை அகலத்துக்கு வெள்ளி மாதிரி ஆனது. வாசலில் நின்றவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

"சார், வாணாம் சார்," என்றான் கன்னியப்பன். "எங்கூட்டுல சோடாத் தண்ணி ஊத்தி வெச்ச அலுமினியக் குண்டான் ஒரே நாள்ல சல்லடையாப் போச்சு."

"உன் குண்டானும் வெள்ளக்காரன் தகடும் ஒண்ணாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். முதலாளி சொன்ன வேடிக்கைக்கு வேலையாள் சிரிக்கும் சிரிப்பு.

பின்பக்கம் முழுக்க ஓர் ஆள் உயரத்துக்கு ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். செய்தான். சிறிது நேரத்தில் தகடு கருத்தது. உலோகக் கலவையில் அலுமினியம் கரைந்துபோக, கரையாத மற்ற உலோகங்கள் கரியாக மேலே தங்கும். நான் படித்ததுதான். அன்று அது அழுக்காகத் தெரிந்தது.

"கருப்பு இன்னும் போவல. மறுபடியும் ஊத்து."

"சார்..."

"ஊத்துடா, பேஜார் பண்ணாத."

மூன்று முறை ஊற்றினான். கரைசல் வழிந்து, ஜாக்கிகளைப் பிடித்திருக்கும் கீழ் விளிம்பில், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் போய்த் தங்கியது. மறுநாள் அந்த விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிஸ்கட் டின் மாதிரி உள்ளே போனது. ஊசித் துளைகள் தெரிந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. நானே துளைகளில் பட்டி அப்பி மூடி, மேலே சில்வர் பெயிண்ட் அடித்தேன். பட்டறையில் நான் கையால் பெயிண்ட் அடித்தது அந்த ஒரு முறைதான். கன்னியப்பன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

3. படவேடு

முதல் மருத்துவ முகாமுக்கு நானே வண்டியை ஓட்டினேன். சிஸ்டர் பக்கத்தில். சாலையெங்கும் புளிய மரங்கள். தாழ்ந்த கிளைகள் கூண்டின் நெற்றியில் இடிக்காமல் இருக்க, வைக்கோல் வண்டிக்காரன் போலக் கன்னியப்பன் மேலே படுத்து ஒரு கவைக்கொம்பால் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மேல உயிரோட இருக்கறியா?" என்பார். "இருக்கேன் சிஸ்டர், எறும்புதான் கடிக்குது," என்று பதில் வரும்.

படவேட்டில் ஒரு வேப்ப மரத்தடியில் ஜாக்கிகளை இறக்கி, வண்டியை வெளியே எடுத்தேன். நடக்க முடியாதவர்களை அழைத்து வர வண்டி போக வேண்டும். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு படியில் கால் வைத்தார்.

பின்பக்க இடது மூலை துணி கிழிவது போல் கிழிந்தது. கூண்டு சாய்ந்து இறங்கியது. சிஸ்டரின் வலது கால் படிக்குக் கீழே.

கன்னியப்பன் முதுகைக் கொடுத்துத் தாங்கினான். பத்துப் பேர் சேர்ந்து தூக்கினோம். சிஸ்டர் அலறவில்லை. "அந்த ஏழு மாசப் புள்ளத்தாச்சிய மொதல்ல அனுப்புங்க, ஜல்தி," என்று மட்டும் சொன்னார். அவரையும் அந்தப் பெண்ணையும் வண்டியில் போட்டுக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

4. கேள்வி

கூண்டை அவர் என்னிடம் திரும்பக் கொண்டுவரவில்லை. வேலூரில் வேறொரு பட்டறையில் விட்டார். நாலு மாதம் கழித்து, கக்கத்தில் கட்டையோடு என் பட்டறைக்கு வந்தார். கன்னியப்பன் பத்தடி தூரத்தில் ஒரு லாரிக்கு அடியில் வேலையாக இருந்தான். அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. சுத்தியல் சத்தம் நின்றது.

"வேலூர்ல பிரிச்சுப் பாத்தாங்க. சோடா தின்ன தகடுன்னு சொல்றாங்க. மேல பட்டி வெச்சு மூடியிருக்குதாம்." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "சோடா ஊத்தினது யாருங்க?"

நான் சொன்னேன்: "கன்னியப்பன்."

பொய் இல்லை. ஊற்றியது அவன் கைதான். ஊற்றச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. இலக்கணச் சுத்தமான பதில். இத்தனை வருடங்களில் அதைவிடக் கேவலமான ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.

அவன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். இப்போது பேசுவான் என்று நினைத்தேன். பேசினால் ஒப்புக்கொள்வது என்றும் நினைத்தேன். அவன் பேசியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"ஆமாங்க சிஸ்டர்," என்றான். "என் கைதான்."

"இவன இனிமே யார் வண்டியிலயும் கை வெக்க வுடாதீங்க," என்றார் சிஸ்டர். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. நான் ஆள் அனுப்பவில்லை. ஆரணியில் வேறு பட்டறைகளும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'சோடா கன்னியப்பன்' என்று அவனுக்குப் பெயர் விழுந்தது. பட்டறைகளில் அது ஒரு வேடிக்கைச் சொல்லாகவே நிலைத்தது. யாராவது வேலையைக் கெடுத்தால், "இன்னாடா, சோடா ஊத்திட்டியா?" என்பார்கள். என் பட்டறையிலும் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

5. சேத்துப்பட்டு

எண்பதுகளின் நடுவில் எஸ்தர் சிஸ்டர் இறந்துபோனார். அதற்கு அடுத்த மாதம் நான் சேத்துப்பட்டுக்குப் போனேன். அங்கே பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே கன்னியப்பன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அது எனக்கு இன்னும் கூசியது.

வழி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, சொன்னதும் நான்தான், மறைத்ததும் நான்தான் என்றேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடியபடியே கேட்டான்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமே சார். தெரிஞ்சவன் கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க?"

குமிழி வந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

"சிஸ்டரம்மா போற வரைக்கும் என் மேல மனசு கசந்துகினே போயிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியல. பட்டறக்காரனுங்களுக்குத் தெரியல. தெரியாதவங்க கிட்ட சொல்லுங்க சார்."

மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான். பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டறைக்குத் திரும்பிய பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனைத் திரும்ப அழைத்திருக்கலாம். அவனுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவன் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோது எனக்கு மன்னிப்புக் கேட்க ஆளில்லை. ஆனால் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாடி கட்டும் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: அலுமினியத்தில் சோடா படக் கூடாது. பழைய தகட்டை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மங்கலாக இருந்தால் இருக்கட்டும். உங்களிடம் 'வாணாம் சார்' என்று ஒருவன் சொன்னால், அவன் படிப்பைப் பார்க்காமல், அவன் வீட்டுக் குண்டான் என்ன ஆனது என்று கேளுங்கள்.

அந்தக் கூண்டில் சோடா ஊற்றச் சொன்னவன் நான். மூன்று முறை சொன்னேன். கன்னியப்பன் இரண்டு முறை தடுத்தான். ஆரணியில் இன்னும் யாராவது 'சோடா ஊத்திட்டியா' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பெயருக்கு உரியவன் நான்தான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.